சுருங்கழுத்தம், விரிவழுத்தம்: வேறு சொல் வேண்டாமா?

வணக்கம்.

ரத்த அழுத்தம் பற்றி நோயாளிகளுக்கான சிறு கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிவருகிறேன். சிஸ்டாலிக், டயஸ்டாலிக் (120/80 என்பதில் முதல் எண், இரண்டாம் எண்) இரண்டையும் சுருங்கழுத்தம், விரிவழுத்தம் என்றே போட்டிருந்தேன். வரைவைப் படித்த என் மாமியார், "குழாய் விரிஞ்சா அழுத்தம் குறையத்தானே செய்யும்? அப்புறம் விரிவழுத்தம் 90னா ஏன் பயப்படணும்?" என்று கேட்டார். அவர்மேல் தப்பில்லை. சுருங்கி விரிவது இதயம், அளப்பதோ கைத்தமனியில் (தமனி: இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுசெல்லும் குழாய்). எது சுருங்குகிறது, எது விரிகிறது என்பதைச் சொல் விழுங்கிவிடுகிறது.

வேடிக்கை என்னவென்றால், தமனியில் நடப்பது நேர் எதிர். இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது பெருந்தமனி விரிந்து கொடுக்கிறது. அதன் சுவரில் மீள்நார்கள் அதிகம். இதயம் தளரும்போது அந்தச் சுவர் பழைய அளவுக்குச் சுருங்கி, உள்ளே வாங்கி வைத்த ரத்தத்தை முன்னே தள்ளுகிறது. அந்தப் பக்கம் நுண்தமனிகள், அதாவது மிகச் சிறிய தமனிகள், வழியை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. அதனால்தான் துடிப்புக்குத் துடிப்பு அழுத்தம் பூச்சியத்துக்கு விழாமல் 80 அளவில் நிற்கிறது.

உச்ச அழுத்தம், அடி அழுத்தம் என்றால் என்ன? 120 உச்சம், 80 அடி, இடையிலுள்ள 40 அழுத்த வீச்சு.

*

வணக்கம் ஐயா.

இலங்கையில் படித்தவன் நான். எங்களுக்கு ரத்த அழுத்தம் என்பது குருதியமுக்கம். தமனியை நாடி என்போம்; சிரையை (இதயத்துக்கு ரத்தம் திரும்பும் குழாய்) நாளம் என்போம்; நுண்தமனியைப் புன்னாடி என்போம். நீங்கள் 'ரத்த நாளம்' என்று பொதுவாக எழுதினால் எங்கள் பிள்ளைகள் சிரையை மட்டும் நினைப்பார்கள். கையேட்டில் குழாய் என்றே எழுதிவிடுங்கள்.

'உச்ச அழுத்தம்' எனக்குச் சரியாகப் படவில்லை. 110 இருப்பவரிடம் உச்சம் என்றால் பதறிப்போவார். 'அடி' என்றதும் உதைதான் நினைவுக்கு வருகிறது! இதயத்தையும் சேர்த்து இதயச்சுருக்க அழுத்தம், இதயத்தளர்வு அழுத்தம் என்றால் குழப்பம் தீருமே. விரிவை விடத் தளர்வு பொருத்தம்.

*

நன்றி ஐயா. தளர்வு நல்ல சொல்; உடலியங்கியல் பகுதிக்கு எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அளவுச் சீட்டில் அவ்வளவு நீளம் தாங்காது.

அளக்கும் முறையையே பிடித்துக்கொள்ளலாம். காதால் கேட்டு அளப்பதில், 1905-இல் ரஷ்ய மருத்துவர் கொரொட்கோவ் காட்டிய வழிதான் இன்றும்: கைப்பட்டையின் காற்றை இறக்கும்போது ஓசை எழும் இடம் முதல் எண், ஓசை அடங்கும் இடம் இரண்டாவது. ஓசையெழு அழுத்தம், ஓசையடங்கு அழுத்தம் என்றுகூடப் போட்டுப் பார்த்தேன். வாயில் நுழையவில்லை. கடைசியில், மக்கள் 'மேல் பிபி, கீழ் பிபி' என்று ஏற்கெனவே பெயர் வைத்துவிட்டார்கள். நாம் ஒட்டவைத்தால் போதும்: மேலழுத்தம், கீழழுத்தம். வீச்சு அப்படியே இருக்கட்டும்.

புன்னாடியின்மேல் ஆசைதான். ஆனால் இங்கே நாடி என்றால் மணிக்கட்டில் பிடித்துப் பார்ப்பது. புன்தமனி என்று மாற்றினால் இரு பக்கமும் ஏற்குமா?