ரீமேப் போட்ட வண்டி, பழைய பிரேக்கு: இருங்காட்டுக்கோட்டைல பெடல் உள்ள போன நாள்

வேளச்சேரி டர்போ:

ரெண்டு லிட்டர் டர்போ வண்டி, செகண்ட் ஹேண்ட்ல எடுத்தது. எடுத்த மூணாவது மாசமே ரீமேப் (இஞ்சின் கம்ப்யூட்டர் செட்டிங்க மாத்தி பவர் ஏத்தறது) போட்டு இன்டேக், எக்ஸாஸ்ட் எல்லாம் மாத்திட்டேன், பிரேக்ல மட்டும் கையே வெக்கல. ஓஎம்ஆர், ஈசிஆர்ல ஓட்டறப்போ ஒரு குறையும் தெரியல, அதனால போதும்னு நெனச்சிட்டேன்.

அப்புறம் ஏப்ரல் வெயில்ல ஒரு ட்ராக் டே, அதாவது நம்ம வண்டிய ரேஸ் ட்ராக்ல ஓட்டற நாள். இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கு ஒரு சுத்து 3.7 கிலோமீட்டர், 12 வளைவு, பிரேக்குக்கு ஆற நேரமே கெடைக்காது. மொத மூணு சுத்து சூப்பரா போச்சு. நாலாவது சுத்துல ஸ்ட்ரெயிட் முடியற எடத்துல பிரேக்க மிதிக்கறேன், பஞ்சு மூட்டைல கால் வெச்ச மாதிரி பெடல் அப்படியே உள்ள போயிடுச்சு. வண்டி நிக்கல. ரெண்டு மூணு தடவ பம்ப் பண்ணதும் கொஞ்சம் புடிச்சுது, கியர கொறைச்சு மண்ணுல எறக்கி நிறுத்திட்டேன். யாருக்கும் ஒண்ணும் ஆகல. கை நடுக்கம் நிக்க அரை மணி நேரம் ஆச்சு. என் பொண்ணுக்கு அப்போ ரெண்டு வயசு, அன்னிக்கு ராத்திரி அவ தூங்கறத பாத்துட்டே உக்காந்திருந்தேன்.

மறுநாள் ராயப்பேட்டைல எனக்கு தெரிஞ்ச மெக்கானிக் பாய்கிட்ட போனேன். மூடிய தொறந்து பிரேக் ஆயில ஒரு சொட்டு வெள்ளத் துணில தொட்டு காமிச்சாரு, டிகாஷன் கலர். "இத எப்போ மாத்தின தம்பி?"ன்னாரு, என்கிட்ட பதில் இல்ல. பழைய ஓனர் மாத்தினாரான்னும் தெரியாது.

பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்த இழுத்துக்கும், நம்ம சென்னை காத்துல ஈரத்துக்கு என்ன பஞ்சம். டாட் 4ங்கறது பிரேக் ஆயில்ல ஒரு தரம், அது புதுசா இருக்கும்போது கொதிக்காம குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் தாங்கணும், தண்ணி ஏறின ஆயிலுக்கு அந்தக் கணக்கு 155 தான். கொதிச்சா லைனுக்குள்ள ஆவிக் குமிழ் வந்துடும், நாம மிதிக்கற மிதியெல்லாம் அந்தக் குமிழ நசுக்கறதுலயே போயிடும், வீலோட சுத்தற டிஸ்க்க அமுக்கிப் புடிக்கற பேடுக்கு போய் சேராது. இன்னொரு வகை இருக்கு, பெடல் கல்லு மாதிரி இருக்கும் ஆனா வண்டி நிக்காது, அது பேடு சூடு தாங்காம வழுக்கறது. ரெண்டுக்கும் வைத்தியம் வேற, அதனால அந்த நேரத்துல கால்ல என்ன தெரிஞ்சுதுன்னு ஞாபகம் வெச்சுக்கோங்க.

ரீமேப்போட சம்பந்தம் என்னன்னா, 100ல போன வண்டி அதே எடத்துக்கு 140ல வந்தா ஸ்பீடு 40 சதவீதம் தான் கூட, ஆனா பிரேக் முழுங்க வேண்டிய சக்தி கிட்டத்தட்ட டபுள். அவ்வளவும் டிஸ்க்ல சூடா எறங்குது. நான் இஞ்சின்ல பவர ஏத்தினேன், சூடு போறதுக்கு வழி பண்ணல.

எனக்கு உடனே பெரிய டிஸ்க், நாலு பிஸ்டன் காலிபர் (பேட டிஸ்க் மேல அமுக்கற பாகம்) போடணும்னு ஆச. பாய் தான் தடுத்தாரு, மொதல்ல பழைய ஆயில முழுசா வெளிய எடுத்து டாட் 5.1 போடு, சூடு தாங்கற நல்ல பேடு போடு, ரப்பர் ஓஸ எடுத்துட்டு ஸ்டீல் பின்னல் ஓஸ் மாட்டு, அப்புறம் ஓட்டிப் பாத்துட்டு வா பேசலாம்னாரு. டாட் 5ன்னு கேட்டு வாங்கிடாதீங்க, அது சிலிகான், நம்ம ஆயிலோட சேராது, 5.1 வேற. நாலு வீல்லயும் ஏர் எடுத்து முடிக்க ரெண்டு மணி நேரம் ஆச்சு. எல்லாம் சேத்து ரீமேப்புக்கு குடுத்ததுல பாதி கூட வரல. டயரும் மாத்தினேன், கடைசில ரோட்ட புடிக்கறது அது தானே.

புது பேட செட் பண்றது முக்கியம், நெறைய பேர் விட்டுடறாங்க. விடியக்காலைல வண்டலூர் மீஞ்சூர் அவுட்டர் ரிங் ரோட்ல, பின்னாடி வண்டி எதுவும் இல்லாதப்போ மட்டும், 80ல இருந்து 20க்கு ஒரு பத்து தடவ கொறைச்சேன், நடுவுல எங்கயும் முழுசா நிறுத்தல, அப்புறம் பிரேக்க தொடாம மெதுவா ஓட்டி ஆற விட்டேன். சூடா இருக்கும்போது பிரேக்க மிதிச்சிட்டே நின்னா பேடோட அச்சு டிஸ்க்ல ஒட்டிக்கும், அப்புறம் ஸ்டியரிங் உதறும்.

அடுத்த ட்ராக் டேல ஆறு சுத்து போனேன், பெடல் மொத சுத்துல இருந்த எடத்துலயே நின்னுச்சு.

கொளத்தூர்காரன்:

அண்ணா, நான் நேரா பெரிய பிரேக் கிட்டுக்கே போனவன். முன்னாடி மட்டும் பெரிய காலிபர் போட்டேன், பெடல மிதிச்சா ஆயில தள்ளற மாஸ்டர் சிலிண்டர் பழசு. பிஸ்டன் பெருசானதால அத தள்ள ஆயில் நெறைய வேணும், பெடல் ரொம்ப ஆழமா போக ஆரம்பிச்சுது. முன்னாடி ஓவரா புடிக்குது, பின்னாடி பிரேக் சும்மா கூட வருது, கொஞ்சம் அழுத்தினாலே ஏபிஎஸ் வந்துடுது. நிக்கற தூரம் கொறையவே இல்ல. 17 இஞ்ச் வீல் காலிபர்ல இடிச்சு 18 வேற வாங்க வேண்டியதா போச்சு. ஒரு வருஷம் கழிச்சு வித்துட்டு பழைய காலிபர், நல்ல பேடுன்னு திரும்பிட்டேன். கிட் போடறவங்க உங்க வண்டிக்குன்னு கணக்கு பண்ணதா, முன்ன பின்ன ரெண்டும் பொருந்துமான்னு கேட்டுட்டு காசு குடுங்க.

பெரம்பூர் ஆட்டோமேட்டிக்:

ட்ராக்குக்கே போக வேணாங்க, எனக்கு ஏற்காட்டுல நடந்துச்சு. 20 ஹேர்பின், ஃபேமிலியோட எறங்கறேன், டி-லயே போட்டு பிரேக்லயே கால வெச்சிட்டு வந்தேன், பாதி மலைல கருகற வாசன. ஓரங்கட்டி முக்கா மணி நேரம் நின்னோம், தண்ணி ஊத்தலாம்னு போனேன், டிஸ்க் வெடிச்சிடும்னு ஒரு லாரி டிரைவர் தடுத்துட்டாரு. மேனுவல் மோட்ல ரெண்டாவது கியர்ல எறங்குங்கன்னு சொல்லிக் குடுத்ததும் அவரு தான். டர்போ அண்ணா, இந்த 5.1 சாதா வண்டிக்கும் போடலாமா?

வேளச்சேரி டர்போ:

வண்டியோட குடுத்த மேனுவல் புக்ல டாட் 4னு இருந்தா தாராளமா போடலாம் ப்ரோ. ஆனா ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்தறீங்கன்னா சாதா டாட் 4ஏ மலைக்கு போதும். சீல் ஒடைச்ச பாட்டில்ல மிச்சம் இருக்கறத கடைக்காரர் ஊத்த வந்தா வேணாம்னு சொல்லிடுங்க, புது பாட்டில் உங்க கண்ணு முன்னாடி தொறக்கட்டும்.