கௌபாய் மாதம்: சுங்கை சிப்பூட் குடும்பக் குழு

*பெரியண்ணன்* – இரவு 8:41
நவம்பர் 1 முதல் 30 வரைக்கும். 30 நாள், 20 படம். எல்லாம் இத்தாலிக்காரங்க எடுத்த கௌபாய் படமா இருக்கணும், 1964-லேருந்து 1978-க்குள்ள. ஹாலிவுட் சேராது. தினம் ஒண்ணு வேணாம். தொடர்ந்து பாத்தா ரெண்டாவது வாரத்துலேயே எல்லாம் ஒரே படமாத் தெரியும்: அதே ஸ்பெயின் அல்மேரியா மண்ணு, அதே அடியாள் முகம், அதே ரோம் ஸ்டூடியோ தெரு. நாலு நாள் பாருங்க, ரெண்டு நாள் விடுங்க. கணக்கு சரியா 20 வரும்.

*கலா* – 8:44
அண்ணே, நைட் ஷிப்ட் வாரத்துல மூணு மணி நேரப் படமெல்லாம் ஆகாது. நிமிஷம் பாத்துப் பிரிச்சிடுங்க.

*டீச்சரக்கா* – 8:49
பிரிச்சாச்சு கலா. இயக்குநர் லியோனே படம் பூரா சனி ஞாயிறுக்கு. ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ (1964) மட்டும் 100 நிமிஷத்துக்குள்ள முடியும். அடுத்து வந்த ‘ஃபார் எ ஃபியூ டாலர்ஸ் மோர்’ (1965) 132. ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’ (1966) எந்தப் பதிப்புன்னு பொறுத்து 161 இல்ல 179. ‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் த வெஸ்ட்’ (1968) 165. வேலை நாளுக்கு ‘ஜாங்கோ’ (1966) 92, ‘எ பிஸ்டல் ஃபார் ரிங்கோ’ (1965) 100-க்குள்ள, ‘கியோமா’ (1976) 101. நைட் ஷிப்ட் வாரத்துல இதுங்கள எடுத்துக்கோ.

*கலா* – 8:50
சரிக்கா. 161-ஆ 179-ஆ? எது சரி?

*பெரியண்ணன்* – 8:58
இந்த மாசத்துல முக்கால்வாசி வேலை இதுதான்: எந்தப் பதிப்புன்னு பாக்காம பிளே அமுக்கக் கூடாது. படம் பிடிக்கலன்னு சொல்ற ஆளுங்கள்ல பாதிப் பேர் வெட்டுப்பட்ட பிரதியைப் பாத்தவங்க.

161 அமெரிக்காவுல ஓடின வெட்டு. இத்தாலியில மட்டும் இருந்த காட்சிகளை 2003-ல சேத்து 179 ஆக்கினாங்க. அந்தக் காட்சிகளுக்கு இங்கிலீஷ் குரலே பதிவாகல. அதனால அதுல நடிச்ச ஈஸ்ட்வுட்டும் ஈலை வாலக்கும் வயசான பிறகு வந்து பேசினாங்க. லீ வான் கிளிஃப் 1989-லேயே இறந்துட்டாரு, அவருக்கு வேற ஆள் குரல். காட்சி நடுவுல குரல் திடீர்னு கரகரன்னு மாறினா டிவி கோளாறுன்னு நெனச்சிடாதீங்க. முதல் தடவை பாக்கறவங்களுக்கு 161 தான் என் சிபாரிசு. ஓட்டம் இறுக்கமா இருக்கும்.

*டீச்சரக்கா* – 9:01
இயக்குநர் சொல்லிமாவோட ‘தி பிக் கன்டவுன்’ (1966) நேர் எதிர். அதுக்கு இத்தாலி நீளம்தான், ஏறக்குறைய 110 நிமிஷம். இங்கிலீஷ் வெட்டுல கால் மணி நேரமாவது போயிருக்கும். முழுசா பாத்தா நடுநடுவுல இங்கிலீஷ் நின்னு இத்தாலியன் வரும். சப்டைட்டில் முன்னாடியே போட்டு வச்சிருங்க.

*ரவி* – 9:06
டிஸ்க் வாங்கறவங்க கவனிங்க. மலேசியாவுக்கு ப்ளூ-ரே மண்டலம் ஏ, டிவிடி மண்டலம் 3. நல்ல மீட்டெடுப்பு நிறைய இங்கிலாந்து, ஜெர்மனி, இத்தாலியிலதான் வருது. அது மண்டலம் பி. பூட்டு இருந்தா நம்ம பிளேயர்ல ஓடாது. பெட்டிக்குப் பின்னால பூமி உருண்டை மாதிரி குறி இருக்கும், உள்ள ஏ பி சி எழுதியிருக்கும். காசு கட்டறதுக்கு முன்னாடி அதைப் பாருங்க. 4கே டிஸ்க்குக்கு மண்டலப் பூட்டு இல்ல, எங்க வாங்கினாலும் 4கே பிளேயர்ல ஓடும்.

பாசார் மாலாம் (ராத்திரிச் சந்தை) டிஸ்க் வேண்டாம். பக்கத்தை நறுக்கி நாலுக்கு மூணு சதுரத்துல திணிச்சது. ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’ கடைசி துப்பாக்கிச் சண்டையில மூணு பேர் நிக்கணும், ஒருத்தன்தான் தெரிவான்.

*மாமா* – 9:09
தம்பி ரவி, என்கிட்ட ஐரோப்பா டிவிடி இருக்குப்பா. இசையமைப்பாளர் மொரிகோனே பாட்டு கொஞ்சம் தூக்கலாக் கேக்குது, சுருதி ஏறின மாதிரி. பிளேயர் கெட்டுப்போச்சா?

*ரவி* – 9:15
பிளேயர் நல்லாத்தான் இருக்கு மாமா. படம் எடுத்தது நொடிக்கு 24 பிரேம். ஐரோப்பாவோட பால் (PAL) முறை டிவிடி ஓட்டறது 25. நூத்துக்கு நாலு வேகம் கூடுது. 100 நிமிஷப் படம் 96-ல முடிஞ்சிடும், சுருதி அரைச்சுரத்துல முக்கால் பங்கு ஏறும். உங்க காது சரியாப் பிடிச்சிருக்கு. அதே படம் ப்ளூ-ரேல பெரும்பாலும் 24-லேயே இருக்கும்.

கம்ப்யூட்டர்ல 25-ல ஓடற படத்துக்கு 24-க்குச் செஞ்ச தனி சப்டைட்டில் ஃபைல் போடறவங்களுக்கும் இதே சிக்கல்தான். ஆரம்பத்துல சரியா இருக்கும், போகப் போக விலகும், ஒரு மணி நேரத்துல ரெண்டரை நிமிஷம் பிந்தும். விஎல்சி பிளேயர்ல ஜி, எச் தட்டி நகத்தினா பலன் இல்ல, அஞ்சு நிமிஷத்துல மறுபடி விலகும். அந்தப் பொத்தான் மொத்தமா முன்ன பின்ன தள்ளத்தான். ‘சப்டைட்டில் எடிட்’ மென்பொருள்ல பிரேம் வேகத்தை 23.976-லேருந்து (24-ன்னு சொல்றது இதைத்தான்) 25-க்கு மாத்தி சேமிங்க. யூடிஎஃப்-8-ல சேமிக்கணும், இல்லன்னா எழுத்து கட்டம் கட்டமா வரும்.

*கலா* – 9:17
எந்த மொழியில பாக்கறது அண்ணே? உதடு எதுலயும் ஒட்ட மாட்டேங்குது.

*பெரியண்ணன்* – 9:22
ஒட்டாது மா. படப்பிடிப்புல குரல் பதிவே கிடையாது. அமெரிக்காக்காரர் இங்கிலீஷ்ல பேசுவாரு, எதிர்ல நிக்கறவர் இத்தாலியன்ல, குதிரைக்காரர் ஸ்பானிஷ்ல. எல்லாத்தையும் பிறகு ஸ்டூடியோவுல ஏத்தினாங்க. அதனால ‘ஒரிஜினல் குரல்’னு ஒண்ணைத் தேடாதீங்க. ஈஸ்ட்வுட், வான் கிளிஃப் படத்துக்கு இங்கிலீஷ், அவங்க சொந்தக் குரல் அதுலதான். ‘ஜாங்கோ’ எடுத்த கொர்புச்சி படத்துக்கும், வான் கிளிஃப் இல்லாத சொல்லிமா படத்துக்கும் இத்தாலியன்.

ஒரே தடத்துல வர்ற மோனோ ஒலி இருந்தா அதையே எடுங்க. சுத்தி வச்ச ஸ்பீக்கருக்காக 5.1-ன்னு புதுசா கலக்கினதுல சிலதுல துப்பாக்கிச் சத்தத்தையே மாத்திட்டாங்க. லியோனே துப்பாக்கி பீரங்கி மாதிரி அதிரணும்.

*ரவி* – 9:30
டிவி அமைப்பையும் சொல்லிடறேன். நிறைய படம் டெக்னிஸ்கோப்ங்கற அகலத்திரை முறையில எடுத்தது. சாதாரண 35 மி.மீ. பிலிம்ல ஒரு பிரேமுக்கு நாலு துளை உயரம், இதுல ரெண்டே துளை. 1000 அடிச் சுருள் 11 நிமிஷத்துக்குப் பதிலா 22 நிமிஷம் ஓடும், பிலிம் செலவு பாதி. சாதா லென்ஸே போதும், அகலத்திரை லென்ஸ் வேண்டாம். அதனாலதான் மூக்குக்கு முன்னாடி இருக்கற முகமும் தூரத்து மலையும் ஒண்ணாத் தெளிவாத் தெரியும். ஆனா பிரேம் சின்னது, பெருசாக்கும்போது புள்ளி புள்ளியாத் தெரியும். அது அழுக்கு இல்ல. டிவில ‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’ அணைங்க, ‘மோஷன் ஸ்மூத்’ அணைங்க, ‘ஷார்ப்னெஸ்’ அடி மட்டத்துக்குக் கொண்டு போங்க. இல்லன்னா வேர்வையும் தூசியும் அழிஞ்சு முகம் மெழுகு பொம்மையாயிடும்.

*டீச்சரக்கா* – 9:33
ரவி, எல்லாம் அகலத்திரைன்னு நெனச்சு யாராவது ஜூம் பண்ணிடப் போறாங்க. ‘ஜாங்கோ’வும் ‘தி கிரேட் சைலன்ஸ்’ (1968)-உம் 1.66, அதாவது அகலம் உயரத்தைப் போல 1.66 மடங்குதான். ரெண்டு ஓரத்துலயும் மெல்லிசாக் கறுப்புப் பட்டை வரும். அதை நிரப்பினா மேல தொப்பியும் கீழ கையும் போயிடும்.

*மாமா* – 9:36
ஜாங்கோன்னு பேர் போட்ட பத்துப் படப் பெட்டி ஆன்லைன்ல 40 வெள்ளிக்குக் கெடக்குது. வாங்கிப் போட்டா பாதி முடிஞ்சிடுமே?

*பெரியண்ணன்* – 9:44
வேண்டாம் மாமா. ஃபிராங்கோ நீரோ நடிச்ச முதல் படம் நல்லா ஓடினதும், கண்ட படத்துக்கெல்லாம் அந்தப் பேரை ஒட்டினாங்க, ஜெர்மனியில ரொம்ப. ‘ஜாங்கோ கில்’ (1967)-ல ஜாங்கோன்னு ஒரு ஆளே கிடையாது. இத்தாலியப் பேர் ‘உயிரோட இருந்தா சுடு’ன்னு வரும். படம் விசித்திரமா நல்லா இருக்கும், அதுக்காகவே பாக்கலாம். நீரோ மறுபடி அதே வேஷத்துல வந்த அதிகாரபூர்வத் தொடர்ச்சி 1987-லதான், நம்ம வரம்புக்கு வெளிய.

அதனால பேரை விட்டுட்டு இயக்குநரைப் பிடிச்சுப் போங்க. அதுலயும் ஒரு கண்ணி இருக்கு. முதல் லியோனே படத்துல இயக்கம் பாப் ராபர்ட்சன்னு போட்டாங்க, அது லியோனேதான். நடிகர்ல டெரன்ஸ் ஹில்லோட சொந்தப் பேர் மாரியோ ஜிரோத்தி, பட் ஸ்பென்சரோடது கார்லோ பெதர்சோலி. ‘தே கால் மீ டிரினிட்டி’ (1970) எடுத்த ஈ. பி. கிளச்சர்ங்கறவர் என்ஸோ பார்போனி. ‘ஜாங்கோ’வுக்குக் கேமரா பிடிச்சவரும் அவர்தான். சேறும் சவப்பெட்டியுமா எடுத்த ஆளு நாலு வருஷத்துல கன்னத்துல அறையற நகைச்சுவைக்கு வந்தாரு. இந்த ரெண்டையும் பக்கத்துப் பக்கத்து நாள்ல வைங்க.

*கலா* – 9:46
பிள்ளைங்களோட பாக்கறதுக்கு?

*டீச்சரக்கா* – 9:52
டிரினிட்டியும் அதோட ரெண்டாம் பாகமும், ‘மை நேம் இஸ் நோபடி’ (1973)-உம் போடலாம். ‘ஜாங்கோ’ வேண்டாம், காதை அறுக்கற காட்சி இருக்கு. இங்கிலாந்துல 1993 வரைக்கும் அனுமதியே கொடுக்கல.

‘தி கிரேட் சைலன்ஸ்’ பெரியவங்களுக்கு மட்டும். மாசக் கடைசியில வைக்காதீங்க, நடு வாரத்துல வச்சு மறுநாள் ஓய்வு விடுங்க. பூராவும் பனி, கோர்த்தினா மலைப்பக்கம் எடுத்தது. ரோம் ஸ்டூடியோ தெருவுல மட்டும் சவர நுரையைப் பனியா அடிச்சாங்க. நாயகனா வர்ற டிரிந்தின்யான் ஒரு வார்த்தை பேச மாட்டாரு, எதிர்ல கிளாஸ் கின்ஸ்கி. முடிவைப் பத்திக் குழுவுல யாரும் வாய் திறக்கக் கூடாது. டிஸ்க்குல இன்னொரு முடிவும் இருக்கலாம், அது படத்தோட சேராதது. அதை முதல்ல பாத்துடாதீங்க.

மூணாவது வாரம் மெக்சிகோ புரட்சி: தமியானியோட ‘எ புல்லட் ஃபார் த ஜெனரல்’, கொர்புச்சியோட ‘த மெர்சினரி’ (1968), ‘கொம்பன்யேரோஸ்’ (1970), பிறகு லியோனேயோட ‘டக், யூ சக்கர்’ (1971). தமியானி படம் முதல்ல வரணும். புரட்சிக்குள்ள நுழையற வெள்ளைக்காரன் யாருக்காக வர்றான்னு அதுல வைக்கற கேள்விக்குத்தான் மத்த மூணும் பதில் சொல்லப் பாக்குது.

*மாமா* – 9:58
லயன் காமிக்ஸ்ல டெக்ஸ் வில்லர் படிச்ச பிள்ளைங்களுக்கு ஒண்ணு சொல்றேன். டெக்ஸும் இத்தாலிக்காரன்தான், 1948-லேயே வந்துட்டான். ரிங்கோ எடுத்த தெஸ்ஸாரி, அதே ஜுலியானோ ஜெம்மாவை டெக்ஸா வச்சு 1985-ல படமே எடுத்தாரு. வரம்புக்கு வெளியதான், ஆனா 21-ஆவதா வச்சுக்கலாமே.

நம்ம பக்கம் கர்ணன் எடுத்த ‘கங்கா’ (1972), ஜெய்சங்கர் படம். அதையும் போனஸா எடுத்துக்கோங்கப்பா. குதிரை ஓடறப்ப கேமரா தரையோட ஓடும். இவரும் முதல்ல கேமராக்காரர்தான், பார்போனி மாதிரி.

*பெரியண்ணன்* – 10:01
ரெண்டும் போனஸ், 20-ல சேராது. சம்மதம் மாமா.

*கலா* – 10:02
ஒரு படமாவது கோயில் மண்டபத்துல புரொஜெக்டர் போட்டுப் பாக்கலாமா?

*ரவி* – 10:05
வேணாம் கலா. பொது இடத்துல திரையிடணும்னா தணிக்கை ஒப்புதல் வேணும், படத்தோட திரையிடல் உரிமம் தனியா வாங்கணும். கடையில வாங்கின டிஸ்க் வீட்டுக்கு மட்டும்தான். மாமா வீட்டு ஹால் போதும். சாயந்திரம் இடி வந்தா படத்தை நிறுத்தி பிளக்கைப் பிடுங்கிடுங்க, ஸ்விட்ச அணைச்சா மட்டும் பத்தாது.

*பெரியண்ணன்* – 10:11
பாத்து முடிச்சதும் இப்படி எழுதுங்க: இத்தாலியப் பேர், வருஷம், இயக்குநரோட சொந்தப் பேர், ஓடின நிமிஷம், குரல் மொழி, இசை யாரு. பிறகு ரெண்டு வரி. ‘சூப்பர்’னு மட்டும் போட்டா கணக்குல சேராது. மாதிரி:

ஜாங்கோ, 1966, செர்ஜியோ கொர்புச்சி, 92 நிமிஷம், இத்தாலியன், லூயிஸ் பாகலோவ். தெருச் சேறு கதைக்கே பாரமா இருக்கு, யாரும் வேகமா நடக்க முடியாது. சிவப்புத் துணி மூடின கும்பல் வர்ற காட்சியை இன்னொரு தடவை பாக்கணும்.

நிமிஷத்தை மட்டும் கண்டிப்பா போடுங்க. ஒருத்தருக்கு 110, இன்னொருத்தருக்கு 90-ன்னு வந்தா அப்பவே பிரதியை மாத்திக்கலாம்.

*டீச்சரக்கா* – 10:14
முதல் நாளைக்கு ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’. முடிஞ்சவங்க அதுக்கு முந்தின நாள் ஜப்பான் இயக்குநர் குரோசாவாவோட ‘யோஜிம்போ’ (1961) பாத்துடுங்க. கதை அங்கேருந்து வந்தது, ஜப்பான்காரங்க வழக்கே போட்டாங்க. எதை எடுத்தாரு, எதை விட்டாருன்னு பாத்தா லியோனேயோட கை எதுன்னு தெரியும்.

*கலா* – 10:15
எனக்கு ரிங்கோ செவ்வாய்க்கிழமைக்குப் போடுங்கக்கா. அன்னிக்குப் பகல் வீட்ல இருப்பேன்.

*டீச்சரக்கா* – 10:16
போட்டாச்சு.