விண்கலப் பதிவெண் முறை: ஆலோசனை தேவை

வணக்கம். நான் எழுதிவரும் விண்வெளிக் கதையில் மூன்று வகைக் கலங்களுக்குப் பதிவெண் முறை வகுக்க உங்கள் உதவியைக் கோருகிறேன். ஸ்டார் ட்ரெக் தொலைக்காட்சித் தொடரின் என்டர்பிரைஸ் கலத்துக்குரிய என்சிசி-1701 என்ற பதிவெண்ணுக்குப் பதினேழாம் வடிவமைப்பின் முதல் கலம் என்று அதை வடிவமைத்த மாட் ஜெஃப்ரீஸ் விளக்கம் தந்திருந்தாலும், அதே வகையைச் சேர்ந்த கான்ஸ்டெல்லேஷன் கலத்தின் எண் 1017 என்பதால் அந்தக் கணக்கு அத்தொடரிலேயே அடிபட்டுப்போகிறது. கடைசி இரண்டு இலக்கங்களைக் கலத்துக்கு ஒதுக்கினால் ஒரு வகையில் 99 கலங்களுக்கு மேல் இடமில்லை. கட்டிய வரிசைப்படி கொடுத்தாலோ எண்ணைக் கொண்டு வகையை அறிய இயலாது.

எங்கள் பாலக்காட்டு வண்டிகளின் கேஎல் 09 போல, பதிவான தளத்தை முன்னொட்டாக வைக்கலாம் என்பதே என் சாய்வு. அப்படியானால், தளம் மாறும் கலத்துக்குப் புது எண் தேவையா? அழிந்த கலத்தின் எண்ணை, 1701-ஏ போல எழுத்துச் சேர்த்து மறுபடி வழங்குவது முறையாகுமா?