புதுப்பிப்பு: சவாரித் திடலை மாடு பூட்டி மட்டமடித்தல்

மாட்டுவண்டிப் பந்தயம் நடக்கும் சவாரித் திடலில், ஒரு சோடி மாட்டைப் பூட்டி மண்ணை மட்டமாக்கும் பலகையை இழுத்தால் அது மேடுகளில் துள்ளுகிறது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லாருக்கும் நன்றி.

சரிவந்தது, நுகத்தையும் பலகையையும் இணைக்கும் சங்கிலியை நீட்டச் சொன்ன அண்ணையின் யோசனை. நுகம் உயரத்தில் இருப்பதால் நீளம் குறைந்த சங்கிலி பலகையின் முன்விளிம்பைத் தூக்கிவிடும். சுமார் 12 அடியாக்கியதும் படிந்து வழித்தது. பாரத்துக்கு மணல்மூட்டை போதும். ஆள் ஏறினால் ஒரு பக்கம் சாயும். இலங்கையின் வடக்கே எங்கள் வன்னிச் செம்மண் காய்ந்தால் பலகை கீறாது, மழைக்குப் பிறகு பிடித்தால் உருண்டு தட்டினால் உதிரும் பதம் வேண்டும்.

எதிர்பாராதது: மண் ஓரத்தில் வரம்பாகச் சேர்ந்து, நடுவில் தண்ணீர் தேங்கியது. பலகையின் வெளிப்பக்க முனையில் பூட்டிய சங்கிலியில் இரண்டு கண்ணி (வளையம்) குறைத்து ஓரமாக இழுத்தால் பலகை சரிந்து, மண் உள்ளே திரும்பும்.