ஜெனரிக் மெத்தட்: ‘பொது’ வேண்டாம், ‘விரவு’ என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஜாவா நிரல்மொழியில், ஒருமுறை எழுதிப் பல வகைத் தரவுகளுக்கும் பயன்படுத்தும் செயல்முறையை ஜெனரிக் மெத்தட் என்கிறோம். அதற்குத் தமிழில் ‘பொது வழிமுறை’ என்ற சொல் முன்மொழியப்பட்டிருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை. ஜாவாவில் பப்ளிக் (வெளியிலிருந்தும் அழைக்கக்கூடியது) என்பதையும் ‘பொது’ என்றுதான் எழுதி வருகிறோம். பப்ளிக்காகவும் ஜெனரிக்காகவும் இருக்கும் மெத்தடை எப்படி அழைப்பது? பொதுப் பொது வழிமுறை என்றா? பிரைவேட்டாக (தன் வகுப்புக்குள், அதாவது கிளாஸுக்குள், மட்டும் அழைக்கக்கூடியதாக) இருந்தால் ‘தனிப் பொது வழிமுறை’ ஆகிவிடும். புதிதாகப் படிக்கும் மாணவரை இப்படித் தடுமாற விடக்கூடாது.

பொருளும் பொருந்தவில்லை. 2004இல் ஜாவா 5 வரும்வரை ஒரு லிஸ்டுக்குள் (பட்டியலுக்குள்) எந்தப் பொருளையும் போட முடிந்தது. உண்மையில் பொது என்றால் அதுதான். சரங்களுக்கு (எழுத்துத்தொடர்களுக்கு) நடுவே ஓர் எண் புகுந்தாலும், நிரலை ஓட்டுமுன் சரிபார்த்து மொழிபெயர்க்கும் கம்பைலர் வாய் திறக்காது. வெளியே எடுத்துச் சரமாக வகைமாற்றும்போது, நிரல் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் பிழை தெரியும். அந்தத் தாராளத்துக்குக் கடிவாளம் போடவே ஜெனரிக் வந்தது. டி (T) என்ற வகைமாறியை, அதாவது வகையின் இடத்தில் நிற்கும் குறியை, வைத்து நிரலை ஒருமுறை எழுதுகிறோம். சரங்களின் லிஸ்ட் என்று அறிவித்துவிட்டால், எண்ணைச் சேர்க்க முயலும் வரியிலேயே கம்பைலர் தடுத்துவிடும்.

இதற்கு நெருங்கிய கருத்து தொல்காப்பியத்தில் இருக்கிறது: விரவுப்பெயர். ‘சாத்தன்’ ஆளுக்கும் பெயராகும், மாட்டுக்கும் பெயராகும். சாத்தன் வந்தான் என்றால் உயர்திணை. சாத்தன் வந்தது என்றால் அஃறிணை. பெயரை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது, வினை சேர்ந்தால்தான் தெளியும். ஜெனரிக் மெத்தடை அழைக்கும்போது நாம் தரும் மதிப்புகளைப் பார்த்து, டி இன்னதென்று கம்பைலர் கண்டுகொள்வதும் இப்படித்தான். இந்தப் பொருத்தத்தைக் கண்டபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

ஆகவே ஜெனரிக் மெத்தடுக்கு விரவு வழிமுறை, ஜெனரிக் கிளாஸுக்கு விரவு வகுப்பு. லிஸ்ட் போலப் பல பொருள்களைச் சேர்த்து வைக்கும் கலெக்‌ஷனுக்குத் ‘திரட்டு’ போதும். தொகுப்பு என்றால் கம்பைலரைத் ‘தொகுப்பி’ என்று எழுதுபவர்களுக்குக் குழப்பம் வரும்.

நன்னூல் இதே பெயர்களைப் பொதுப்பெயர் என்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் நன்னூலாருக்குப் பப்ளிக் என்ற சொல்லோடு மோத வேண்டிய நிலை இல்லை. இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: விரவுதல் என்றால் கலத்தல். பல வகைகள் கலந்து கிடக்கும் லிஸ்ட் என்று வாசகர் நினைத்தால் கருத்தே தலைகீழாகிவிடும். இதைப் பலமுறை யோசித்தேன். சாத்தன் என்ற பெயர் இரு திணைக்கும் உரியது. ஆனால் ஒரு வாக்கியத்தில் வரும் சாத்தன் ஒரே நேரத்தில் ஆளும் மாடுமாக இருப்பதில்லை. விரவுவது பெயரின் உரிமை, உள்ளிருக்கும் பொருள் அல்ல. இந்த எடுத்துக்காட்டோடு அறிமுகம் செய்தால் குழப்பம் நேராது என்று நம்புகிறேன்.

இந்த வகைக் குறிப்புகளைக் கம்பைலர் நீக்கிவிடும் டைப் எரேஷருக்கு ‘வகையழிப்பு’ என்பதைவிட ‘வகைக்களைவு’ நல்லது. கம்பைலர் வகைகளைச் சரிபார்த்த பிறகே அவற்றைக் களைகிறது. அதனால்தான் சரங்களின் லிஸ்டும் எண்களின் லிஸ்டும் ஓட்ட நேரத்தில் ஒரே வகுப்பாகத் தெரிகின்றன. அந்த வேறுபாட்டை மட்டும் நம்பி ஒரே பெயரில் இரண்டு மெத்தட் எழுத முடியாது.

வகை இன்னதென்று சொல்லாமல் ‘?’ என்று எழுதும் வைல்டுகார்டுக்கு மட்டும் இன்னும் சொல் அமையவில்லை. ‘ஏதோவகை’ என்று எழுதிப் பார்த்தேன், நிறைவாக இல்லை. மேல்வரம்பு, கீழ்வரம்பு (அந்த வகைக்கு நாம் விதிக்கும் எல்லைகள்) இரண்டோடும் இயல்பாக ஒட்டும் சொல் யாருக்கேனும் தோன்றினால் எழுதுங்கள்.