டைகர் மோத் மாடலில் இறக்கை தொங்குகிறது, பெயின்ட் பிசுபிசுக்கிறது: காப்பாற்ற வழி இருக்கிறதா?

பாம்பன்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். நான் பாம்பனில் இருக்கிறேன், வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஒரே ஒரு தெருதான். ஐந்து மாதம் உட்கார்ந்து 1/48 அளவில் ஒரு டைகர் மோத் பிளாஸ்டிக் மாடல் கட்டினேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நம் விமானப்படைப் பையன்கள் பறக்கக் கற்றுக்கொண்ட அதே இரட்டை இறக்கை விமானம். மாடலில் இறக்கை முனைக்கு முனை 18 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். அப்பா நாட்டுப்படகு கட்டிய ஆசாரி. நிஜ விமானத்தின் இறக்கை ஸ்ப்ரூஸ் மரச் சட்டத்தின் மேல் துணி போர்த்தியது என்று படத்தைக் காட்டினேன். ‘படகைக் கவுத்துப் போட்டுத் துணி சுத்துன மாதிரில்ல இருக்கு’ என்று சொல்லிவிட்டு ரொம்ப நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்காகவே இதைக் காப்பாற்ற வேண்டும் என்று இருக்கிறது.

பிரச்சினை ஒன்றல்ல. இறக்கைகளுக்கு நடுவே போகும் கம்பிகளுக்கு 0.20 மில்லிமீட்டர் தங்கூஸ் நரம்பு போட்டேன். கார்த்திகை மழையில் அது தொய்ந்து தொங்கியது, அதனால் மறுபடி இழுத்துக் கட்டினேன். இப்போது மாசி. நரம்பு தட்டினால் சத்தம் வரும் அளவுக்கு இறுகியிருக்கிறது, இறக்கை நான்கின் நுனியும் கீழே இறங்கிவிட்டன, ஸ்கேல் வைத்துப் பார்த்தால் 3 மில்லிமீட்டர். அப்புறம் கடைசியில் அடித்த ஸ்ப்ரே வார்னிஷ் சில இடங்களில் பால் ஊற்றியது போல வெளுத்திருக்கிறது. மஞ்சள் பெயின்ட் அடித்து நான்கு மாதம் ஆகியும் விரல் வைத்தால் ரேகை பதிகிறது. வால் பக்கம் போகும் கம்பிக்கு ஒயரைப் பிரித்து எடுத்த செம்பு இழையைப் போட்டிருந்தேன், அது பச்சை பூத்துவிட்டது.

இன்னும் இருபது நாளில் ராமநாதபுரத்தில் மகன் பள்ளிக் கண்காட்சி. எதை முதலில் தொடுவது என்றே தெரியவில்லை.

கீழக்கரை காக்கா:

தம்பி, முதலில் பிளேடை எடுத்து எல்லா நரம்பையும் வெட்டி விடுங்கள். இன்றைக்கே. மற்றதை அப்புறம் பேசலாம்.

தங்கூஸ் என்பது நைலான்தான், அது ஈரம் குடிக்கும், குடித்தால் நீளும், காய்ந்தால் சுருங்கும். நீங்கள் இழுத்துக் கட்டியது மழைக்காலத்தில், அதாவது அது நீண்டு கிடந்த நேரத்தில். ஈரம் குறைந்ததும் அது தன் பழைய நீளத்துக்குப் போகப் பார்க்கிறது, இறக்கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது.

ஒன்று கேட்கிறேன், கார்த்திகையில் திரும்பக் கட்டியபோது எல்லாக் கம்பியையும் கட்டினீர்களா, இல்லை வெளியே தெரிகிறதை மட்டுமா?

பாம்பன்வாசி:

காக்கா, சரியாகக் கேட்டீர்கள். உடம்பின் அடியிலிருந்து மேல் இறக்கைக்கு ஏறும் கம்பிகளை மட்டும்தான் கட்டினேன், அவைதான் ரொம்பத் தொய்ந்திருந்தன. மேல் இறக்கை நடுவிலிருந்து கீழ் இறக்கைக்கு இறங்குகிறவற்றைத் தொடவில்லை. இப்போது எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன். வெட்டும்போது ஒவ்வொன்றும் டப்பென்று தெறித்தது.

கீழக்கரை காக்கா:

அதுதான் விஷயம். அந்தக் கம்பிகள் அழகுக்குக் கட்டியவை அல்ல. அடியிலிருந்து மேலே ஏறுகிறது பறக்கும்போது வேலை செய்யும் கம்பி, காற்று இறக்கைகளைத் தூக்கும்போது அவை மேலே மடங்காமல் பிடித்துக்கொள்ளும். மேலேயிருந்து கீழே வருகிறது தரையில் நிற்கும்போதும் இறங்கும்போதும் வேலை செய்யும் கம்பி, இறக்கையின் சொந்தப் பாரத்தைத் தாங்கும். இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து இழுப்பதால்தான் அவ்வளவு லேசான மரமும் துணியும் பெட்டி போல விறைத்து நின்றது. நீங்கள் ஒரு பக்கத்தை மட்டும் இழுத்துவிட்டீர்கள். மேல் இறக்கை கீழே வந்தது, நடுவே நிற்கும் ஸ்ட்ரட் குச்சிகள் வழியாகக் கீழ் இறக்கையையும் அழுத்திக்கொண்டு வந்தது. படகில் பாய்மரத்துக்கு ஒரு பக்கக் கயிற்றை மட்டும் இழுத்துக் கட்டினால் மரம் எந்தப் பக்கம் சாயும் என்று அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், உடனே சொல்லிவிடுவார்.

ஆனால் ஒன்று இடிக்கிறது. பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கில் செய்த இறக்கை 0.20 நரம்புக்கு 3 மில்லிமீட்டர் வளைந்துகொடுக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை, ஒட்டு விட்டிருக்கும் அல்லது குச்சி ஒடிந்திருக்கும். பிளாஸ்டிக் இளகியிருக்கிறது. வெயில் படும் இடத்திலா வைத்திருந்தீர்கள்?

பாம்பன்வாசி:

வெயிலே படாது. உள் அறையில் கண்ணாடி அலமாரியில் கதவு சாத்தித்தான் இருந்தது. உப்புக்காற்று படக்கூடாது என்று கதவு இடுக்கில் டேப்கூட ஒட்டியிருந்தேன்.

தொண்டி அக்கா:

தம்பி, அந்த அலமாரிக்குள் வேறு என்னென்ன இருக்கிறது? எல்லாவற்றையும் சொல்லுங்கள், துணி, புத்தகம், பூச்சி மருந்து எதுவானாலும்.

பாம்பன்வாசி:

மேல் தட்டில் அம்மாவின் பட்டுச்சேலை இரண்டு, என் பழைய சான்றிதழ்கள். கரப்பான் வராமல் இருக்க அம்மா பாச்சை உருண்டை போட்டு வைத்திருக்கிறார். அக்கா, அதுவா காரணம்?

தொண்டி அக்கா:

அதேதான். பாச்சை உருண்டை நாப்தலீன், அது திடமாக இருக்கும்போதே ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்த ஆவி பாலிஸ்டைரீனை இளக்கும், பெயின்டையும் இளக்கும். திறந்த அறையென்றால் இவ்வளவு ஆகியிருக்காது, நீங்கள் டேப் ஒட்டி அடைத்ததால் மொத்த ஆவியும் விமானத்தின் மேலேயே இறங்கியிருக்கிறது. பெயின்ட் நான்கு மாதமாகக் காயாமல் இல்லை. காய்ந்ததுதான் திரும்ப இளகியிருக்கிறது. அம்மாவைக் குறை சொல்லாதீர்கள், பட்டுக்கு அது சரியான காவல்தான், இரண்டும் ஒரே அலமாரியில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

விமானத்தை உடனே வெளியே எடுத்து நிழலில், காற்று வரும் இடத்தில் வையுங்கள். தூசி விழாமல் மேலே ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, பக்கங்களில் பெரிய ஓட்டைகள் போடுங்கள். ஒரு வாரம் விரல் படக்கூடாது. மேற்பரப்பு இறுகிவிடும், பதிந்த ரேகைகளை அப்புறம் 1500 நம்பர் நீர்த்தாளால், அதாவது தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளால், தேய்த்து எடுக்கலாம்.

கீழக்கரை காக்கா:

அக்கா சொன்னது சரி. அதோடு இன்னொன்றும் இப்போதே செய்துவிட வேண்டும். பிளாஸ்டிக் இளகியிருக்கும்போதுதான் இறக்கையை நிமிர்த்த முடியும், காற்றாட வைத்து இறுகிய பிறகு எழுந்திருக்காது. நான்கு நுனிக்குக் கீழேயும் தீப்பெட்டி வைத்து, பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை ஒவ்வொன்றாகச் செருகி உயரத்தை ஏற்றுங்கள், ஒரே நாளில் வேண்டாம், காலையில் ஒரு அட்டை மாலையில் ஒரு அட்டை. தெர்மாகோல் வைத்து முட்டுக்கொடுக்காதீர்கள், அதுவும் பாலிஸ்டைரீன்தான், பிசுபிசுப்பில் ஒட்டிக்கொண்டு வரும்.

நிமிர்த்தும்போது ஒரு கணக்கு மனதில் இருக்கட்டும். டைகர் மோத்தின் இறக்கைகள் மேலே சாய்ந்திருப்பதோடு பின்பக்கமும் சாய்ந்திருக்கும். முன் இருக்கைக்காரர் ஆபத்தில் பாராசூட்டோடு வெளியேற வழி வேண்டும் என்பதற்காக மேல் இறக்கையின் நடுப்பகுதியை முன்னே தள்ளினார்கள், அதனால் கெட்ட எடைச் சமநிலையைச் சரிசெய்ய இறக்கைகளைப் பின்னால் சாய்த்தார்கள். 1931 அக்டோபரில் அது முதலில் பறந்தபோதே அந்தச் சாய்வு உண்டு. ஆகவே பின்சாய்வைப் பார்த்து, ‘இதுவும் வளைந்துவிட்டதோ’ என்று நேராக்கப் போய்விடாதீர்கள்.

ராம்நாடு பட்டறை:

வார்னிஷுக்கு நான் சொல்கிறேன், கார் பெயின்டிங் பட்டறையில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். நீங்கள் ஸ்ப்ரே அடித்தது மழை நாளில், சாயங்காலத்தில் என்று நினைக்கிறேன். தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு சில்லிட்டுப்போகும், காற்றில் இருக்கும் ஈரம் அங்கே பனியாகப் படிந்து வார்னிஷுக்குள் மாட்டிக்கொள்ளும், அதுதான் அந்த வெள்ளை. நாங்கள் மழைக்காலத்தில் மெதுவாகக் காயும் ரிடார்டர் தின்னர் கலந்துதான் அடிப்போம்.

உங்களுடையது லாக்கர் வகை ஸ்ப்ரே, அதாவது காய்ந்த பிறகும் தின்னரில் கரைகிற வகை என்றால் சுலபம். இறக்கை இறுகிய பிறகு, நல்ல வெயில் நாளில் பதினொரு மணியிலிருந்து மூன்று மணிக்குள், அதே வார்னிஷை ரொம்ப லேசாக ஒரு தடவை அடியுங்கள். பழைய பூச்சு கொஞ்சம் கரைந்து ஈரத்தை விட்டுவிடும், வெள்ளை தெளிந்துவிடும். டப்பாவை அடிப்பதற்கு முன் வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் வையுங்கள், கொதிக்கிற தண்ணீரில் எந்தக் காரணத்துக்காகவும் வைக்காதீர்கள், வெடிக்கும். முதலில் அடி இறக்கையின் கீழ்ப்பக்கம் அடித்துப் பாருங்கள்.

தொண்டி அக்கா:

கம்பி விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் திரும்பவும் நரம்பு போட்டால் அடுத்த ஐப்பசியில் இதே கதைதான். தவிர 0.20 என்பதை 48-ஆல் பெருக்குங்கள், கிட்டத்தட்ட 10 மில்லிமீட்டர் வருகிறது. நிஜத்தில் அது காற்றைக் கிழிக்கும்படி தட்டையாக இழுத்த எஃகுக் கம்பி, முன்னாலிருந்து பார்த்தால் மெல்லிய கோடுதான் தெரியும்.

லைக்ரா நூல் போடுங்கள். திருப்பூரில் பனியன் துணி பின்னும் இடங்களில் வெறும் லைக்ரா கோன் இருக்கும், 40 டெனியர் கேளுங்கள் (டெனியர் என்பது நூலின் பருமனைச் சொல்லும் அளவு), 0.07 மில்லிமீட்டர் கனம்தான் வரும். அங்கே வேலை பார்க்கிறவர்கள் நம் பக்கத்தில் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், சில முழம் கிடைத்தாலே உங்களுக்குப் போதும். அது ரப்பர் போல இழுபடும், ஈரத்தில் எவ்வளவு நீண்டாலும் அதன் இழுவையே தொய்வை எடுத்துக்கொள்ளும். ஒரு முனையில் ஊசி நுனி அளவு சூப்பர் க்ளூ வைத்து ஒட்டி, காய்ந்ததும் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் இழுத்து மறுமுனையை ஒட்டுங்கள். கறுப்பு மார்க்கரால் தடவினால் நிறமும் வந்துவிடும்.

கீழக்கரை காக்கா:

நான் இன்னும் ஸ்ப்ரூவைச் சூடு காட்டி இழுத்த இழைதான் போடுகிறேன். பெட்டியோடு வரும் அதே பிளாஸ்டிக் சட்டத்தை மெழுகுவர்த்திக்கு மேலே காட்டி இழுத்தால் முடி போல வரும், செலவில்லை. ஒட்டிய பிறகு ஊதுபத்தியின் நெருப்பைப் பக்கத்தில் கொண்டுபோனால், தொடாமல், தொய்வு தானாக இறுகும். பார்க்க அதைவிட நேராக வேறெதுவும் நிற்காது என்பது என் எண்ணம்.

தொண்டி அக்கா:

நேராக நிற்கும் காக்கா, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த விமானம் பாம்பனிலிருந்து பஸ்ஸில் போய்வர வேண்டும், ஸ்ப்ரூ இழை ஒரு குலுக்கலில் ஒடிந்துவிடும். தம்பி, லைக்ரா போட்டால் ஊதுபத்தியைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள், அறுந்துவிடும்.

செம்பு இழையை எடுத்துவிட்டு அங்கேயும் லைக்ராவே போடுங்கள். பாம்பன் காற்றில் உலோகம் தப்பாது. புது ரயில் பாலத்துக்கே துருவைத் தடுக்கும் பாலிசிலாக்ஸேன் பெயின்டும் ஸ்டெயின்லெஸ் கம்பியும் தேவைப்பட்டிருக்கிறது.

பாம்பன்வாசி:

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன்.

இறக்கை எழுந்துவிட்டது. வலது பக்கம் முழுசாக, இடது பக்கம் ஒரு மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவாக இன்னும் தொங்கல் இருக்கிறது, சொன்னால்தான் தெரியும். அட்டை செருகும் வேலையை அப்பா எடுத்துக்கொண்டார், காலையில் எழுந்ததும் குனிந்து ஒரு கண்ணை மூடி இரண்டு நுனியையும் ஒரே கோட்டில் பார்ப்பார். படகுக்குப் பலகை பார்க்கிற அதே பார்வை. பெயின்ட் ஒன்பதாவது நாள் இறுகியது. வார்னிஷ் வெள்ளை போய்விட்டது, வால் பக்கத்தில் மட்டும் ஒரு நகக்கண் அளவு இருக்கிறது. லைக்ரா திருப்பூரிலிருந்து மச்சான் கொண்டுவந்தான். பறக்கும் கம்பி, இறங்கும் கம்பி இரண்டையும் ஜோடி ஜோடியாகக் கட்டினேன்.

பாச்சை உருண்டை சேலையோடு தகரப் பெட்டிக்குப் போய்விட்டது. விமானத்துக்குத் தனியாக அக்ரிலிக் பெட்டி செய்யக் கொடுத்திருக்கிறேன், அடியில் சிலிக்கா ஜெல் வைக்கலாமா?

இன்னொன்று, முன் கண்ணாடி இரண்டும் ஒட்டிய அன்றிலிருந்தே புகை படிந்தது போல இருக்கின்றன. இதற்கு என்ன செய்வது, விமானத்தைக் கண்காட்சிக்கு எப்படிக் கொண்டுபோவது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

தொண்டி அக்கா:

படித்ததும் மனசு நிறைந்துவிட்டது தம்பி. அப்பாவுக்கு என் வணக்கம்.

கண்ணாடியில் இருப்பது சூப்பர் க்ளூ ஆவி. கழற்றி எடுத்து, பற்பசையைப் பஞ்சில் தொட்டு மெதுவாகத் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும், திரும்ப ஒட்டும்போது பெவிகால் வையுங்கள், காய்ந்தால் தெளிவாகிவிடும். சிலிக்கா ஜெல் வைக்கலாம், நீல நிற மணி வாங்குங்கள், இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம், எடுத்து உலர்த்தி மறுபடி வைக்கலாம். ஒரு பிடி போதும்.

கீழக்கரை காக்கா:

கொண்டுபோகும்போது இறக்கையைச் சுற்றிப் பஞ்சோ ஸ்பாஞ்சோ அடைக்காதீர்கள், எடுக்கும்போது கம்பியை இழுத்துக்கொண்டு வரும். சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் அச்சையும் வாலின் அடிக்கட்டையையும் மட்டும் நூலால் பலகையோடு கட்டி, பலகையைப் பெட்டியோடு திருகிவிடுங்கள், விமானம் எதிலும் இடிக்காமல் நடுவில் நிற்கட்டும். பஸ்ஸில் மேலே சாமான் வைக்கும் இடத்தில் வேண்டாம், மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பாலம் ஏறுவதற்கு முன் ஜன்னலைச் சாத்திவிடுங்கள்.

பாம்பன்வாசி:

சரி காக்கா. மடியில் அப்பா வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.