கெட்டி ஆயில் ஊற்றி ஓட்டியவர்களே, உங்கள் வண்டியில் என்ன நடந்தது?

ஸ்பேனர்செட்

என்ஜின் ஆயிலுக்குக் கார் கையேட்டில் ஒரு கிரேடு, மெக்கானிக் வாயில் ஒரு கிரேடு. "இது தண்ணி மாதிரி இருக்கு சார், கொஞ்சம் கெட்டியா ஊத்துங்க, சத்தமில்லாம ஓடும்" என்று கேட்டிராத கார்க்காரர் குறைவு. கெட்டி நல்லதா, மெலிசு நல்லதா என்று இங்கே பட்டிமன்றம் வேண்டாம். எதிலிருந்து எதற்கு மாறினீர்கள், ஏன் மாறினீர்கள், அப்புறம் என்ன ஆனது என்று மட்டும் எழுதுங்கள்.

நானே தொடங்குகிறேன். நண்பர் கைமாறிய கார் ஒன்றை வாங்கினார். 5டபிள்யூ-30 கேட்கும் பெட்ரோல் என்ஜின் (முன் எண் குளிரில் எவ்வளவு கெட்டி, பின் எண் சூட்டில் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்லும்). ஓட்டிப் பார்த்தபோது புகை இல்லை, சூடான பிறகு சத்தமும் இல்லை. ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்தால் மட்டும் ஓரிரு நொடி டேப்பெட் பக்கம் கடகடவென்று அடித்துவிட்டு அடங்கும். பானட்டுக்கு அடியில் பழைய சர்வீஸ் சீட்டு ஒன்று தொங்கியது. எண்ணெய் பட்டு பாதி அழிந்திருந்தாலும் பேனாவில் எழுதியிருந்தது படிக்க முடிந்தது: 20டபிள்யூ-50.

வடித்துவிட்டு 5டபிள்யூ-30 ஊற்றினோம். காலைச் சத்தம் போனது. ஆனால் டிப்ஸ்டிக்கில் அளவு இறங்க ஆரம்பித்தது. சரிவில் காலை எடுத்துவிட்டு மறுபடி மிதித்தால் பின்னால் நீலப் புகை. கம்ப்ரெஷன் பார்த்தோம், ஒரு சிலிண்டரில் மட்டும் குறைவு. பிளக் துளை வழியே கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளந்தபோது முள் மேலே ஏறியது. பிஸ்டன் ரிங் தேய்ந்த என்ஜின் என்று அதிலேயே தெரிந்துவிட்டது. விற்றவர் இதை மறைக்க வேண்டுமென்றே கெட்டி ஆயில் ஊற்றினாரா, யாரோ சொல்லி ஊற்றினாரா என்பது வேறு விஷயம். இப்போதெல்லாம் பழைய வண்டி பார்க்கப் போனால் உள்ளே என்ன கிரேடு என்று கேட்காமல் நான் ஓட்டிப் பார்ப்பதில்லை.

பட்டறைவாசி

ஸ்பேனர்செட் அண்ணே, உங்களுடையது போல நிறைய வரும். நான் எதிர்ப்பக்கத்தில் இருந்து ஒன்று சொல்கிறேன்.

நன்றாக ஓடித் தேய்ந்த ஒரு வண்டி. என்ஜின் சூடாகி ஐடிலில் நின்றால் ஆயில் விளக்கு மினுக் மினுக் என்று எரியும். சென்சாரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மெக்கானிக்கல் கேஜ் மாட்டிப் பார்த்தேன். விளக்கு பொய் சொல்லவில்லை, பிரஷர் நிஜமாகவே குறைவு. கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங்கின் இடைவெளி கூடிவிட்டது, வழியெல்லாம் கசிந்துவிடுகிறது. சரியான வேலை என்றால் என்ஜினை இறக்கி பேரிங் மாற்ற வேண்டும். உரிமையாளர் அந்தச் செலவுக்குத் தயாரில்லை, வண்டி இன்னும் கொஞ்ச நாள் ஓடினால் போதும் என்றார். ஒரு கிரேடு கெட்டியாக ஊற்றினோம். விளக்கு அணைந்தது, முள்ளும் ஏறியது. பிற்பாடு பேரிங் தட்ட ஆரம்பித்தது உண்மைதான். ஆனால் அதுவரை ஓடியது. தெரிந்து செய்த வேலை, அதில் எனக்கு வருத்தமில்லை.

இதில் பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. கேஜில் முள் ஏறினால் ஆயில் நிறையப் போகிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். பம்ப் ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று தள்ளுகிறது. போகிற வழியில் எவ்வளவு எதிர்ப்பு இருக்கிறதோ அதைத்தான் முள் காட்டுகிறது. குளிர்ந்த என்ஜினில் ஆயில் ரொம்பக் கெட்டியாக இருந்தால் ரிலீஃப் வால்வு திறந்து ஒரு பங்கைத் திருப்பி விட்டுவிடும். ஃபில்டருக்குள் இருக்கும் பைபாஸும் திறந்தால் வடிகட்டாத ஆயில்தான் உள்ளே போகும். முள் மட்டும் உச்சியில் நிற்கும். சும்மா இருக்கிற நல்ல என்ஜினுக்கு இதை ஏன் செய்ய வேண்டும்?

மூன்றாம்கியர்

எங்கள் வீட்டு வண்டிக்குக் கையேடு சொன்னது 0டபிள்யூ-20. வெளியில் சர்வீஸ் விட்ட இடத்தில் 15டபிள்யூ-50 ஊற்றி அனுப்பிவிட்டார்கள். சில நாளில் செக் என்ஜின் விளக்கு. ஸ்கேனரில் பி0011, அதாவது வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டின் டைமிங் எதிர்பார்த்ததைவிட முன்னால் நிற்கிறது. அழித்தால் போகும், குளிரான காலையில் மறுபடி வரும். ஆயில் கன்ட்ரோல் வால்வை மாற்றினார்கள், போகவில்லை. டைமிங் செயின் நீண்டிருக்கும், கவரைப் பிரிக்கலாம் என்றார்கள். அப்போதுதான் மாமா கேட்டார், "ஆயில் என்னடா ஊத்தினாங்க?"

அந்த வால்வு வழியாகத்தான் கேம் முனையில் இருக்கும் ஃபேஸருக்கு ஆயில் போகிறது. ஆயில் அழுத்தம்தான் கேமைத் திருப்புகிறது. இத்தனை மில்லிசெகண்டில் திரும்ப வேண்டும் என்று கணினி கணக்கு வைத்திருக்கிறது. ஊசித் துளை போன்ற வழியில் கெட்டி ஆயில் மெதுவாகப் போய், மெதுவாக வெளியேறினால் அந்தக் கணக்கு தவறுகிறது. 0டபிள்யூ-20க்குத் திரும்பினோம், அப்புறம் அந்தக் கோடு வரவே இல்லை. கழற்றிய பழைய வால்வு இன்னும் டப்பாவில் கிடக்கிறது, ஒரு குறையும் இல்லாமல்.

புதுஓட்டுநர்

ஒரு சந்தேகம், சிரிக்காதீர்கள். 0டபிள்யூ-20 அவ்வளவு மெலிசு என்றால், ஸ்டார்ட் செய்யும்போதுதானே என்ஜினுக்கு ஆபத்து? அங்கே கெட்டி இருந்தால் நல்லதுதானே?

ஆயில்லேப்

நல்ல கேள்வி. எண்ணெய் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன், தினமும் இதே பேச்சுதான்.

எஸ்ஏஇ ஜே300 என்ற தர வரையறைப்படி பின் எண் 20 என்றால் 100 டிகிரியில் 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக்ஸுக்குள் (கெட்டித்தன்மையின் அலகு, எண் கூடினால் கெட்டி) இருக்க வேண்டும். 50 என்றால் 16.3 முதல் 21.9. இப்போது 40 டிகிரியில் அளந்து பாருங்கள். சாதாரண 0டபிள்யூ-20 ஏறக்குறைய 45 காட்டும், 20டபிள்யூ-50 ஏறக்குறைய 150ஐத் தாண்டும். உங்கள் "தண்ணி" ஆயில், வெயிலில் நின்ற வண்டியில்கூட, நன்றாகச் சூடான 20டபிள்யூ-50ஐவிடக் கெட்டியாகத்தான் இருக்கிறது. ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் எந்த ஆயிலும் தேவைக்கு மேல் கெட்டிதான். அந்த நேரத்தில் வேண்டியது சீக்கிரம் மேலே ஏறுவது. கெட்டியின் பலன், பலன் என்று ஒன்று இருந்தால், சூடான பேரிங்கில் பெரும் பாரம் விழும்போதுதான்.

அதற்கும் தனி அளவு உண்டு. 150 டிகிரியில் வேகமாகத் தேய்த்து அளப்பார்கள். 20 கிரேடுக்குக் குறைந்தது 2.6 மில்லிபாஸ்கல்-நொடி, 30க்கு 2.9. கேனின் முகப்பில் இதைப் போடுவதில்லை, எனக்கு அது நெடுநாள் எரிச்சல்.

மலைப்பாதை

எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள். நான் 0டபிள்யூ-20 இடத்தில் 5டபிள்யூ-30 ஊற்றித்தான் ஓட்டுகிறேன். பின்னால் டிரெய்லர், நீண்ட ஏற்றம். எந்த விளக்கும் எரியவில்லை, மைலேஜ் குறைந்ததா என்று கேட்டால் எதிர்க்காற்றில் வரும் வித்தியாசத்துக்குள் அடங்கிவிடுகிறது. இதே என்ஜின் வேறொரு நாட்டில் விற்கும் காரின் கையேட்டைத் தேடிப் படித்தேன். அங்கே வெப்பநிலை வாரியாகக் கட்டம் போட்டு 0டபிள்யூ-20 முதல் 15டபிள்யூ-40 வரை அனுமதித்திருக்கிறார்கள். இரும்பு அதே இரும்பு. எரிபொருள் சிக்கன விதி கடுமையான நாட்டில் மட்டும் கட்டம் ஒற்றை வரியாகிவிடுகிறது.

தயாரிப்பாளர்களே கெட்டிக்குப் போனதும் உண்டு. 2012 ஃபோர்டு மஸ்டாங் ஜிடிக்கு 5டபிள்யூ-20. அதே 5 லிட்டர் வி8ஐ ரேஸ் தடத்துக்காக உள்ளே கொஞ்சம் மாற்றிய பாஸ் 302க்கு 5டபிள்யூ-50. இன்னும் பக்கத்தில் வந்தால், 2025 ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் 6.2 லிட்டர் வி8 வண்டிகளை, அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 லட்சம், திரும்ப அழைத்தது. சோதனையில் தேறிய என்ஜின்களுக்குக் கொடுத்த மருந்து என்ன தெரியுமா? 0டபிள்யூ-20ஐ வடித்துவிட்டு 0டபிள்யூ-40.

பட்டறைவாசி

மலைப்பாதை, அந்தத் திரும்ப அழைப்புக்குக் காரணம் கிராங்கிலும் கனெக்டிங் ராடிலும் இருந்த உற்பத்திக் குறை, ஆயில் இல்லை. அதோடு முன் எண்ணைப் பாருங்கள். 0 அப்படியே இருக்கிறது, பின் எண் மட்டும்தான் ஏறியது. காலைக் குளிரில் சீக்கிரம் ஏறும் குணத்தை அவர்கள் விடவில்லை. கடையில் கெட்டி என்று கேட்டால் கையில் வருவது 20டபிள்யூ-50. அது இரண்டு பக்கமும் கெட்டி. நீங்கள் போனது ஒரு படி, 5டபிள்யூ-30. அதோடு நானும் சண்டை போட மாட்டேன்.

கரும்புகை

டீசல்காரர்களுக்கு ஒரு வரி. டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) உள்ள வண்டியில் கெட்டியைவிடப் பெரிய ஆபத்து சாம்பல். லாரிக்குப் போடும் பழைய தர 15டபிள்யூ-40ஐ அத்தை மகன் தன் டீசல் காரில் ஊற்றினான். எரியும் ஆயிலில் இருந்து வரும் உலோகச் சாம்பல் ஃபில்டரில் தங்கிவிடும், அதைச் சூடாக்கிச் சுத்தம் செய்யும் ரீஜெனரேஷனில் புகைக்கரி எரியும், சாம்பல் எரியாது. ஏசிஇஏ சி2, சி3 (சாம்பல் குறைந்த ஆயிலுக்கான ஐரோப்பியத் தரங்கள்) என்று கையேட்டில் போட்டிருந்தால் கிரேடுக்கு முன் அதைப் பாருங்கள்.

இரட்டைடர்போ

நான் மலைப்பாதை பக்கம், ஆனால் என் காரணம் வேறு. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போ, பெரும்பாலும் குட்டிக் குட்டி ஓட்டம். டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் பெட்ரோல் வாசனை, அளவும் குறைவதற்குப் பதில் ஏறியிருந்தது. மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்பினேன். 0டபிள்யூ-20 ஆக ஊற்றியது, பெட்ரோல் கலந்து 20 கிரேடின் அடி எல்லைக்கும் கீழே போய்விட்டது என்று ரிப்போர்ட் வந்தது. கையேட்டில் சின்ன எழுத்தில் 5டபிள்யூ-30க்கும் அனுமதி இருந்ததால் அதற்கு மாறினேன், ஆயில் மாற்றும் இடைவெளியையும் குறைத்தேன். இவற்றில் எது வேலை செய்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அடுத்த மாதிரி அனுப்பியாயிற்று. ஆயில்லேப், ரிப்போர்ட் வந்ததும் இங்கே போடுகிறேன், தேய்மானத்தைக் காட்டும் இரும்பு அளவைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.